இரங்கல் கூட்டம்

மாஸ்டருக்குத் தாடி கிடையாது. ஜடாமுடியும் கிடையாது, நெற்றிக்கு மேலே மிச்சமிருந்த முடியே ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி மைதானம், அதன் சிமெண்டுப் படிக்கட்டில் கடைசிப் படி, கையில் ஒரு நாட்டு வாழைப்பழம். அவருடைய ஆசிரமம் அவ்வளவுதான். பெயர் ஞானதுரை. ஓட்டப் பயிற்சி கொடுப்பவர். வயது முப்பதைத்தான் தாண்டியிருந்தது என்பதால் பையன்கள் அவருக்குப் பயப்படவும் இல்லை, பயப்படாமலும் இல்லை.

அன்று காலை அவருடைய சீடன் ஆவுடையப்பன் நாலு சுற்று ஒழுங்காக ஓடினான். ஐந்தாவது சுற்றில் வேலியோரமாக ஒதுங்கி வாந்தி எடுத்தான். முந்தின இரவு தின்ற புரோட்டா அப்படியே வெளியே வந்தது. வாயைக் கழுவிவிட்டு, முகம் வெளிறிப்போய்ப் படிக்கட்டின் முன்னால் வந்து நின்றான்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ராத்திரிய விடவா, ஓட்டத்த விடவா?"

"எது பிடிக்கும்?"

"ரெண்டும்."

"பொறவு எதுக்கு விடணும்?"

"ரெண்டும் சேர மாட்டேங்கு மாஸ்டர்."

"யாரு சொன்னா?"

"வயிறு."

மாஸ்டர் பழத்தை உரித்துப் பாதியை அவனிடம் நீட்டினார். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். இரண்டு பாதியையும் அவரே தின்றார்.

"இன்னைக்கு ராத்திரி நானும் வாரேன்" என்றார்.

ஆவுடைக்கு அது கடைசி வருஷம். மழை விட்டதும் பல்கலைக்கழக அணிக்கான கிராஸ் கண்ட்ரி, வயல்வெளி மண்பாதையில் ஓடுகிற நெடுந்தூர ஓட்டம். முதலில் வரும் ஆறு பேருக்குத்தான் அணியில் இடம். போன வருஷம் அவன் ஒன்பதாவதாக வந்தான். இந்த வருஷமும் தவறவிட்டால், பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட அந்த நீல பனியனை அவன் ஆயுசுக்கும் போட முடியாது. அதற்காகத்தான் மூன்று வருஷமாக ஊர் தூங்கும்போது எழுந்து ஓடுகிறான். கனவில்கூட அந்த பனியனைப் போட்டுப் பார்த்திருக்கிறான்.

ஆனால் ராத்திரி என்றால் அவனுக்கு உயிர். விடுதிக்குப் பின்னால் காஜா பாய் புரோட்டாக் கடை. வெளியே ஒரு நீளமான பெஞ்சு. ஜெபராஜ், இசக்கிமுத்து, பக்கீர், இவன். நாலு பேரும் உட்கார்ந்தால் சால்னா வாசனையும் சிரிப்புமாகத் தெருவே நிறைந்துவிடும். அங்கே ஆவுடைதான் ராஜா. அவன் வாயைத் திறந்தால் அடுப்படியில் மாவு வீசுகிற ஆள்கூட வீசுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

அந்தப் பெஞ்சுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. கூட்டத்திலிருந்து முதலில் எழுந்து போகிறவன் செத்தவன். அவன் தெருமுனை திரும்பியதும் ஜெபராஜ் எவர்சில்வர் தம்ளரைக் கரண்டியால் டங் டங்கென்று தட்டுவான். இரங்கல் கூட்டம் ஆரம்பமாகிவிடும். ஒவ்வொருவனாக எழுந்து, மேடைப் பேச்சுக் குரலில், போனவனின் அருமை பெருமைகளை அலசுவார்கள். ஒருதலைக் காதல், அரியர், துவைக்காத சட்டை, எதுவும் தப்பாது. மறுநாள் காலை மெஸ்ஸில் இட்லிக்கு நிற்கிற வரிசையே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

அதனால் ஒருத்தனும் எழுவதில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு, ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொண்டு, காஜா பாய் அடுப்பை அணைத்துப் பெஞ்சைக் கவிழ்க்கும்வரை உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் நாலு பேரும் ஒன்றாக எழுவார்கள். யார் மேலும் பழியில்லை.

இந்தச் சம்பிரதாயத்தைக் கண்டுபிடித்த மகான் யாரென்று கேட்டால், நம்ம ஆவுடையப்பன்தான். முதல் வருஷத்தில், காலையில் பரீட்சை என்று எழுந்துபோன இசக்கிமுத்துவுக்கு அவன் ஆற்றிய இரங்கல் உரையை விடுதியில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

மாஸ்டர் சொன்னபடியே ராத்திரி வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தினார். ஹெல்மெட்டைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தார். பையன்கள் நெளிந்தார்கள்.

"என்னலே, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? புரோட்டா சொல்லுங்க."

சொன்னார்கள். அவரும் தின்றார். கணக்குப் பார்க்காமல்தான் தின்றார். அப்புறம் கதை சொல்ல ஆரம்பித்தார். சின்ன வயதில் ஏதோ ஊர்க் கோயில் கொடைக்கு நடந்த ஓட்டப் பந்தயத்தில் வழி தவறி, முதுகில் நம்பரோடு ஒரு கல்யாண வீட்டுக்குள் ஓடிவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கையைப் பிடித்து இலையில் உட்கார வைத்துவிட்டார்களாம். பாயசம் வரும்வரை எழுந்திருக்க விடவில்லையாம்.

"பந்தயம் என்னாச்சு மாஸ்டர்?"

"அவியல் ரொம்ப நல்லா இருந்துச்சு."

பக்கீருக்குப் புரையேறியது. இசக்கி பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். ஜெபராஜ் தன் பங்குக்கு ஒன்றை எடுத்துவிட்டான். ஆவுடை அதற்கு மேல் ஒன்று போட்டான். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தபோது மாஸ்டர் எழுந்தார்.

"நல்லா இருக்கு. போயிட்டு வாரேன்."

"மாஸ்டர், இப்பத்தானே களைகட்டிருக்கு!" என்றான் ஜெபராஜ்.

"அதான் போறேன்."

ஒவ்வொருவன் கையையும் பிடித்துக் குலுக்கினார். ஆவுடையின் தோளில் ஒரு தட்டு தட்டினார். ஸ்கூட்டரை நோக்கி நடந்தார்.

நாலு பேர் கண்ணும் தம்ளர் மேல் விழுந்தது.

"மாஸ்டருக்கும் போடலாமாலே?" என்றான் பக்கீர், குரலைத் தாழ்த்தி.

"சம்பிரதாயம்னா சம்பிரதாயம்தான்" என்றான் ஜெபராஜ். தம்ளர் முழங்கியது. தலைமை உரைக்கு ஆவுடை எழுந்து, இல்லாத துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டான்.

"மறைந்த மாமேதை ஞானதுரை அவர்கள், தமது தலைமுடியை இந்த நாட்டுக்காகத் தியாகம் செய்தவர்..."

மற்ற மூன்று பேரும் சிரிக்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பினான். மறந்துபோன ஹெல்மெட்டை எடுக்க வந்த மாஸ்டர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"நிறுத்தாதலே. முடியோட விட்டுட்டியே, குறட்டைய யாரு சொல்லுவா? எங்க வீட்டுல கேளு, அவ ஒருத்தியே கூட்டம் முழுசும் பேசுவா."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டார். செத்தவன் இரங்கல் கூட்டத்துக்கு வந்து சிரித்துவிட்டுப் போனது அந்தப் பெஞ்சின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. ஆவுடை துண்டு இல்லாத தோளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலை மாஸ்டர் அதே படியில், புத்தம்புதுசாக இருந்தார். ஆவுடை கண் சிவந்து வந்து நின்றான்.

"நேத்து நான் இருந்தப்ப என்னென்ன பேசினோம்?"

ஆவுடை கல்யாண வீட்டிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னான். சொல்லும்போதே மறுபடி சிரிப்பு வந்தது.

"நான் போன பொறவு?"

யோசித்தான். பக்கீர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இசக்கி உட்கார்ந்தபடியே தூங்கினான். ஜெபராஜ் ஏற்கெனவே சொன்ன ஒன்றையே மறுபடி சொன்னான். காஜா பாய் பெஞ்சைக் கவிழ்க்க வந்தார்.

"ஒண்ணும் பேசல மாஸ்டர்."

"அந்த ஒண்ணுமில்லாததுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

ஆவுடை விரல்விட்டு எண்ணினான். பாதியிலேயே விரல்களை மடக்கிக்கொண்டான்.

"இன்னைக்கும் போ. நல்லா சிரி" என்றார் மாஸ்டர். "ஆனா முதல்ல எந்திரிக்கது நீயா இருக்கணும். எல்லார் கையையும் பிடிச்சுச் சொல்லிட்டு வரணும். நழுவி வரக் கூடாது."

"கூட்டம் போட்டுருவானுவ மாஸ்டர்."

"எனக்குந்தான் போட்டீங்க. செத்தா போயிட்டேன்?"

சொல்வது சுலபம். அன்று ராத்திரி ஆவுடை வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தான். மூன்று பேரும் பதறிப்போய் இஞ்சி சோடா வாங்கிவந்து, இவனை நடுவில் உட்கார வைத்து, குணமாகும்வரை எழுந்திருக்கவே விடவில்லை. மறுநாள் பாதி எழுந்தான். ஜெபராஜின் கை தம்ளர் பக்கம் போனதைப் பார்த்ததும், காலை மாற்றிப் போடத்தான் எழுந்ததுபோல மறுபடி உட்கார்ந்துகொண்டான். இவ்வளவு பெரிய உடம்பை ஒரு தம்ளர் அமுக்கி உட்கார வைக்கிறதே என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

காலையில் மாஸ்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"நேத்து யாருலே முதல்ல எந்திரிச்சது?"

"காஜா பாய்."

மாஸ்டர் சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு விசிலை ஊதுவார். திட்டினால்கூடத் தேவலை என்று ஆவுடைக்குத் தோன்றும்.

அந்த வாரக் கடைசியில் பக்கீருக்குப் பிறந்தநாள். கேக் வெட்டியாகிவிட்டது. பாதி பக்கீர் வாயிலும் பாதி அவன் தலையிலும் போயிற்று. பொரிச்ச புரோட்டா வந்தது. ஆவுடை தன் வாழ்நாளிலேயே சிறந்த கதை ஒன்றைச் சொல்லி முடித்தான். காஜா பாயே கல்லாவை விட்டு வெளியே வந்து சிரித்தார். நெஞ்சு நிறைந்து இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதுமே, இதுதான் நேரம் என்று தெரிந்துவிட்டது. 

எழுந்தான். முழுசாக எழுந்தான்.

"நல்லா இருக்குலே. போயிட்டு வாரேன்."

"ஏலே, இப்பத்தானே..."

"அதான் போறேன்."

மூன்று பேர் கையையும் பிடித்தான். பக்கீரின் கையில் கேக் பிசுபிசுத்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தான். தெருமுனை வருமுன்னே தம்ளர் முழங்கிவிட்டது. எல்லாம் இவன் பழக்கிக்கொடுத்த பாணி. "ஓட்டத்துக்காகவே வாழ்ந்து, ஒன்பதாவதாகவே வந்து..." என்று ஜெபராஜ் ஆரம்பித்தபோது பெஞ்சு வெடித்துச் சிரித்தது. வலித்தது. நன்றாகவே வலித்தது. தன் நாக்கு இத்தனை நாளும் யார் யாரை இப்படிக் குத்தியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. இசக்கியிடம் ஒரு நாள் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்தான். நினைப்பு முடிவதற்குள் தூங்கிவிட்டான்.

காலையில் ஓடினான். வேலியோரம் ஒதுங்கவில்லை. எத்தனையாவது சுற்று என்பதே மறந்துபோய், விசில் ஊதி நிறுத்தவேண்டியதாயிற்று.

"நேத்து யாரு முதல்ல?" என்றார் மாஸ்டர்.

"நான்."

"கூட்டம்?"

"அமோகம் மாஸ்டர்."

மெஸ்ஸில் இட்லி வரிசை முழுக்க அவனைப் பார்த்துச் சிரித்தது. அவனும் சிரித்தான். பக்கீர் மட்டும் தட்டோடு பக்கத்தில் வந்து காதோரம் சொன்னான்.

"நீ போன கொஞ்ச நேரத்துல நானும் எந்திரிச்சுட்டேன்லே. ரெண்டு வருஷமா தூக்கம் தூக்கமா வருது. யாராவது ஒருத்தன் முதல்ல எந்திரிக்க மாட்டானான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீதானலே பேசுவ!"

அதன் பிறகும் பெஞ்சுக்கு ஆள் குறையவில்லை. தினமும் நிறைந்தது, தினமும் சிரித்தது. ஆவுடை எழுவான், தம்ளர் முழங்கும், உரைகள் நடக்கும், அதோடு சபை கலையும். காஜா பாய் ரொம்ப காலத்துக்குப் பிறகு தன் பிள்ளைகள் விழித்திருக்கும்போது வீட்டுக்குப் போனார். மறுநாள் ஆவுடையின் புரோட்டாவின் மேல் கேட்காமலே ஒரு ஆம்லெட் வந்து உட்கார்ந்தது.

மழை விட்டது. ஓட்டம் வந்தது.

ஊருக்கு வெளியே, கால்வாய்க் கரையில் மண்பாதை. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். தூத்துக்குடி, நாகர்கோவில், கோவில்பட்டி என்று எங்கெங்கிருந்தோ பையன்கள் வந்து கால் உதறிக்கொண்டிருந்தார்கள். ஆவுடை மாஸ்டரிடம் ஓடினான்.

"மாஸ்டர், எந்த இடத்துல வேகம் எடுக்க?"

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"அப்ப ஓடு."

துப்பாக்கி வெடித்தது. ஓடினார்கள். கொஞ்ச தூரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் முன்னணியில் ஒரு கூட்டமாகச் சேர்ந்துகொண்டார்கள். ஆவுடை நடுவில். பக்கத்தில் போன வருஷம் முதலாவதாக வந்த தூத்துக்குடி நெட்டையன். தோளோடு தோள், மூச்சோடு மூச்சு, எல்லாருடைய காலும் ஒரே தாளத்தில் விழுந்தது. போன வருஷமும் இப்படித்தான். இந்தச் சுகத்திலேயே கடைசி வளைவுவரை வந்தான். அங்கே நெட்டையனும் மற்ற வேகக்காரர்களும் ஒரே பாய்ச்சலில் பாய்ந்துவிட, ஆவுடை அவர்கள் முதுகை எண்ணிக்கொண்டு ஒன்பதாவதாக வந்து சேர்ந்தான். கடைசிப் பாய்ச்சல் அவனுக்குக் கிடையாது. அது அவனுக்கே தெரியும்.

பாதி தூரத்தில் ஒரு மதகு. ஒருவன் முகத்தை ஒருவன் ஓரக்கண்ணால் பார்த்தான். எவனும் முன்னே போகவில்லை. முன்னே போகிறவன் எதிர்க்காற்றைத் தாங்கவேண்டும், எல்லார் கண்ணும் முதுகில் விழும், தோற்றால் சிரிப்பார்கள். எல்லாரும் யாராவது ஒருத்தன் போகட்டும் என்று காத்திருந்தார்கள்.

ஆவுடைக்கு அந்த முகங்களைத் தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும். இது காஜா பாய் கடைப் பெஞ்சு.

சிரிப்பு வந்துவிட்டது. கால்கள் தூங்கி எழுந்த கால்கள். இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று சொல்லின. வாயைத் திறந்து சத்தமாகவே சொன்னான்.

"நல்லா இருக்குலே. போயிட்டு வாரேன்."

"எங்கலே போற?" என்றான் நெட்டையன், திகைத்துப்போய். "இன்னும் பாதி கிடக்கு!"

"அதான் போறேன்."

போனான். முகத்தில் காற்று அறைந்தது. கூட்டத்தின் சூடு முதுகிலிருந்து விலகியது. அவன் காலடி மட்டும் கேட்டது. பழைய பயம் ஒரு தடவை எட்டிப்பார்த்தது: நின்று எல்லாரோடும் சேர்ந்துகொள்ளலாமா? பின்னால் என்ன பேசுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். கிறுக்கன், பாதியிலேயே படுத்துவிடுவான் என்பார்கள். கூட்டம் போடட்டும் என்று நினைத்தான். நினைத்ததும் உடம்பு லேசாகிவிட்டது. வயலில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன. அவனுக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது, மூச்சைக் கருதிக் கத்தவில்லை.

கடைசி வளைவில் ஒரு சத்தம் கேட்டது. டங் டங் டங். ஜெபராஜ் காஜா பாய் கடைத் தம்ளரையும் கரண்டியையும் கொண்டுவந்திருந்தான். இசக்கி வரப்பின் மேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்தினான்.

"மறைந்துவிட்டார்! எல்லார் கண்ணையும் விட்டு மறைந்துவிட்டார் எங்கள் ஆவுடையப்பன்!"

"திரும்பிப் பாக்காதலே, ஒரு பயலயும் காணல!" என்று பக்கீர் கூடவே ஓடி, சேற்றில் விழுந்தான்.

ஆவுடை நாடாவை நெஞ்சால் அறுத்தான். முதலாவது. ஆறில் ஒருவன் இல்லை, முதலாவது. அவன் திரும்பிப் பார்த்தபோதுதான் நெட்டையன் வளைவையே தாண்டினான். முழங்காலில் கையை ஊன்றி நின்றான். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. மூன்று பேரும் வந்து அவன் மேல் விழுந்தார்கள். நாலு பேரும் சேறு.

மாஸ்டர் மெதுவாக நடந்து வந்தார். ஒரு பழத்தை உரித்துப் பாதியை நீட்டினார்.

"வயிறு என்ன சொல்லுது?"

"பசிக்குங்கு மாஸ்டர்."

மீதிப் பாதியையும் கொடுத்துவிட்டார்.

அன்று ராத்திரி காஜா பாய் கடையில் இரண்டாவது பெஞ்சு போடவேண்டியிருந்தது. விடுதியே வந்திருந்தது. ஆவுடை ஓடிய ஓட்டத்தை ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நெட்டையன் இன்னும் கொஞ்சம் பின்னால் போனான். மாஸ்டர் நடுவில் உட்கார்ந்து, யாரையும் திருத்தாமல், புரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார்.

சிரிப்பு உச்சத்தில் இருந்தபோது அவர் எழுந்தார். ஹெல்மெட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு. போயிட்டு வாரேன்."

ஆவுடையும் எழுந்தான். செருப்பைத் தேடினான்.

"நீ எங்கலே வார?" என்றார் மாஸ்டர்.

"நேரமாச்சுல்லா மாஸ்டர்."

மாஸ்டர் அவன் தோளில் கைவைத்து அமுக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"உனக்குத்தான் எந்திரிக்கத் தெரியுமே. பொறவென்ன, உக்காரு."